புது சீரிஸ் எப்போது வரும்? கணக்குப் போட்டுக் காத்திருக்கும் வழி

ஃபேண்டஸி, சயின்ஸ் ஃபிக்‌ஷன் சீரிஸ் ரசிகர்களுக்குப் பார்க்கும் நேரத்தைவிடக் காத்திருக்கும் காலம்தான் அதிகம். 'செவரன்ஸ்' முதல் சீசன் 2022 பிப்ரவரியில் வந்தது. அடுத்தது வர 2025 ஜனவரி ஆகிவிட்டது. ஆனால் எதை நம்பலாம், எப்போது எதிர்பார்க்கலாம் என்று தெரிந்துவிட்டால் காத்திருப்பதும் ஒரு சுகம்தான். நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஒரு செய்தி வந்ததும், வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நாவலின் உரிமையை வாங்கிவிட்டார்கள், எழுத்து வேலை நடக்கிறது என்றால் சந்தோஷப்படலாம், நாள் எண்ண வேண்டாம். பைலட், அதாவது சோதனைக்கான முதல் எபிசோட், எடுத்துவிட்டால்கூட உறுதியில்லை. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' முன்கதை ஒன்றுக்கு நவோமி வாட்ஸை வைத்து பைலட் எடுத்தார்கள். 2019 அக்டோபரில் அமெரிக்க சேனலான எச்பிஓ அதைக் கைவிட்டது. அதே நாளில், பைலட்டே எடுக்காத இன்னொரு முன்கதையான 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' தொடருக்கு முழு சீசன் அனுமதி கொடுத்தது!

அதனால் ஷூட்டிங் முடிந்தது என்ற செய்தி வந்த பிறகுதான் ஒரு தொடர் என் நோட்டில் ஏறும். பெயர், பக்கத்தில் ஷூட்டிங் முடிந்த மாதம், அதற்குப் பக்கத்தில் பென்சிலால் என் கணிப்பு. கணக்கு எளிது: முடிந்த மாதத்தோடு ஒன்பது மாதம் கூட்டுங்கள். 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' இரண்டாம் சீசன் ஷூட்டிங் 2023 செப்டம்பரில் முடிந்து 2024 ஜூனில் வந்தது. 'செவரன்ஸ்' இரண்டாம் சீசன் ஷூட்டிங் 2023 ஹாலிவுட் வேலைநிறுத்தத்தில் பாதியில் நின்று, 2024 ஏப்ரலில் முடிந்தது. அங்கிருந்து எண்ணினாலும் ஒன்பது மாதம். பெரிய யுத்தம், விண்கலம், அரக்கர் என்று கிராஃபிக்ஸ் அதிகமாக இருந்தால் ஒன்பது மாதத்துக்குப் பதில் ஒரு வருஷம் கூட்டுவது நல்லது. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' கடைசி சீசன் பதினோரு மாதம் எடுத்துக்கொண்டது. 'ஆண்டோர்' இரண்டாம் சீசனோ 2024 பிப்ரவரியில் முடிந்து 2025 ஏப்ரலில்தான் வந்தது. வந்ததைப் பார்த்தால், ஒவ்வொரு மாதமும் தகும் என்றே தோன்றியது.

இடைப்பட்ட காலத்தில் மூல நூலைப் படிக்கலாமா? தொடரைப் பொறுத்தது. 'மர்டர்பாட்' போல கதாபாத்திரத்தின் குரலுக்காகவே ரசிக்கும் கதையென்றால் தாராளமாகப் படியுங்கள். அதன் மூலமான 2017 குறுநாவலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம். 'சைலோ' மாதிரி ஒரு ரகசியத்தின் மேல் நிற்கும் கதையென்றால் புத்தகம் அலமாரியிலேயே இருக்கட்டும். ட்ரெய்லரில் முதலாவது போதும். கடைசி ட்ரெய்லரில் பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறார்கள், அதை நான் தொடுவதே இல்லை.

அப்புறம் தேதி. அமெரிக்கச் செய்தியில் ஞாயிறு என்று இருந்தால் இந்தியாவில் அது பெரும்பாலும் திங்கள் காலை. அங்கே கிழக்குக் கரையில் இரவு 9 மணி என்றால் நமக்கு காலை 6.30, குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரத்தை மாற்றிவிடுவதால் 7.30. 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' கடைசி சீசனின் முதல் பகுதி அங்கே கிழக்குக் கரையில் 2025 நவம்பர் 26 இரவு 8 மணிக்கு வெளியானது, இங்கே 27 காலை 6.30. ஆபீஸ் போகும் முன் பார்க்க முடியாதென்றால், அன்று மாலை வரை வாட்ஸ்அப் குழுக்களை மியூட்டில் போட்டுவிடுங்கள். நண்பர்களிடமும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், ஸ்பாய்லர் பெரும்பாலும் ஆசையாகப் பகிர்பவர்களிடமிருந்துதான் வரும்.

வீட்டில் பெரியவர்களோடு பார்ப்பதென்றால் மொழிப் பட்டியலை முதலிலேயே பாருங்கள். 'ரிங்ஸ் ஆஃப் பவர்' தமிழிலும் வந்ததால் அம்மா என்னோடு உட்கார்ந்து பார்த்தார். குள்ளர்களின் சுரங்கக் காட்சிகள் அவருக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லாத் தொடருக்கும் தமிழ் ஆடியோ முதல் நாளே வருவதில்லை. அப்படி வராவிட்டால் முதல் எபிசோடை மட்டும் தனியாகப் பார்த்துவிட்டு, மற்றதை அவரோடு சேர்ந்து பார்க்க வைத்திருப்பேன்.