கிளினிக் வாங்கில இருக்கிற அம்மாவுக்கு விளங்குற மாதிரி நோய்க் கணக்கைக் கீறுறது எப்பிடி

முதல்முதலா நான் டெங்கு போஸ்டர் ஒண்டு செய்து குடுத்தது கிளிநொச்சிப் பக்கம் ஒரு கிளினிக்குக்கு. ஏழு நிறத்தில 3டி பை சார்ட், கொம்பியூட்டரில பாக்க நல்ல வடிவா இருந்தது, ஆனா அங்க இருந்தது கறுப்பு வெள்ளை பிரிண்டர், ஒட்டினாப்பிறகு பாத்தா ஏழு நிறமும் ஒரே சாம்பல். வாங்கில இருந்த ஒரு அம்மா கனநேரம் பாத்திட்டு "தம்பி, இதில எங்கட ஊர் எது?" எண்டு கேட்டா. என்னால விரல் வைச்சுக் காட்ட ஏலாமப் போச்சு. அதுக்குப் பிறகு நான் பழகின முறையைத்தான் எழுதிறன், பி.எச்.ஐ எண்டு சொல்லுற பொதுச் சுகாதாரப் பரிசோதகர்மாருக்கும் மிட்வைஃப்மாருக்கும் போஸ்டர் அடிச்சுக் குடுக்கிற பெடியளுக்கும் உதவும் எண்டு நம்புறன்.

கொம்பியூட்டரைத் திறக்க முதல் கொப்பியில ஒரேயொரு வசனம் எழுதுங்கோ. "டெங்கு நிலவரம்" எண்டு எழுதினா அது வசனமில்லை, தலைப்பு. "மாரி தொடங்கினா காய்ச்சல் கூடும், அதுக்கு முதல் வளவில கிடக்கிற சிரட்டை, டயர் எல்லாத்தையும் எடுங்கோ", இதுதான் வசனம். இதையே போஸ்டரில பெரிய எழுத்தில மேல போடுங்கோ, படம் அதுக்குக் கீழ. அந்த வசனத்துக்கு உதவாத கோடு, தூண், லோகோ எது இருந்தாலும் எடுத்துவிடுங்கோ, ஆற்றயும் மனம் நோகும் எண்டு பாக்காதேங்கோ.

அடுத்தது எண்ணிக்கை, கூடுதலா பிழை விடுற இடம் இதுதான். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில முல்லைத்தீவு மாவட்டத்தில கிட்டத்தட்ட 92 ஆயிரம் பேர், கொழும்பு மாவட்டத்தில 23 லட்சம் பேர். இப்ப ஒரு உதாரணத்துக்கு முல்லைத்தீவில 46 பேருக்கும் கொழும்பில 460 பேருக்கும் ஒரு வருத்தம் வந்திருக்கு எண்டு வையுங்கோ. அப்பிடியே தூண் கீறினா முல்லைத்தீவு கண்ணுக்கே தெரியாது, "எங்களுக்குப் பிரச்சினை இல்லை" எண்டு சனம் போயிடும். லட்சத்துக்கு எத்தினை பேர் எண்டு பாத்தா முல்லைத்தீவில 50, கொழும்பில 20. கதை அப்பிடியே தலைகீழ்.

மேப்பில நிறம் தீட்டினா இதே பிழை மற்றப் பக்கத்தால வரும், ஏனெண்டா முல்லைத்தீவு 2,600 சதுர கிலோமீற்றருக்கு மேல, கொழும்பு 700க்குக் கிட்ட, அதால சனம் குறைஞ்ச முல்லைத்தீவுதான் பெரிசாத் தெரியும், காடும் குளமும்கூட நோய் பிடிச்ச மாதிரி இருக்கும். நான் மேப்பில நிறம் தீட்டுறேல்லை, மாவட்டத்துக்கு மேல ஒரு வட்டம் வைச்சு உள்ளுக்க லட்சத்துக்கு எத்தினை பேர் எண்ட இலக்கத்தை எழுதிவிடுவன்.

சுகாதாரத் திணைக்களக் கணக்கு கனதரம் கிழமை நம்பரில வரும். 48ம் கிழமை எண்டா கமம் செய்யிற ஐயாவுக்கு என்ன விளங்கும்? கார்த்திகை, மார்கழி எண்டு போடுங்கோ, ஐப்பசியில இருந்து தை வரைக்கும் பின்னால மெல்லிய நிழல் அடிச்சு "மாரி" எண்டு எழுதுங்கோ, மழைக்கும் காய்ச்சலுக்கும் உள்ள தொடர்பு தானா விளங்கும். தூண் சார்ட் எண்டா கட்டாயம் பூச்சியத்தில தொடங்க வேணும், நடுவில வெட்டினா சின்ன வித்தியாசம் மலை மாதிரித் தெரியும், பிறகு ஒருக்கா உண்மையான மலை வரேக்க சனம் நம்பாது.

எங்கட தாய்மாருக்கு கிராஃப் வாசிக்கத் தெரியாது எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. பிள்ளையின்ர வளர்ச்சிப் பதிவேட்டைக் கையில வைச்சு, கோடு பச்சைக்குள்ள போகுதா கீழ இறங்குதா எண்டு மாசாமாசம் பாக்கிறவை அவை. அந்தப் பழக்கத்தையே எடுங்கோ: ஒரு கோடு, பின்னால நிறப்பட்டி, கோட்டின்ர நுனியில பேர். நிற விளக்கத்தை மூலையில பெட்டி கட்டி வைச்சா கண் அங்கயும் இஞ்சயும் அலையும்.

சிவப்பைக் கவனமாப் பாவியுங்கோ. வன்னியில மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை எண்டா மிதிவெடி, அதைப் பாத்தா கால் தானா நிக்கும். அதைக் கொண்டுபோய் நுளம்புப் போஸ்டரில போட்டா வாசிக்க முதலே சனம் பயந்துபோயிடும், அந்தப் பயத்தை நாங்கள் விளையாட்டுக்கு எடுக்கக் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரிச்சுப் பாக்க ஏலாத ஆம்பிளையளும் இருக்கினம், நீலமும் செம்மஞ்சளும் பாவியுங்கோ, ஒண்டைக் கடுமையா மற்றதை மெல்லிசா வையுங்கோ. ஒரு கறுப்பு வெள்ளை ஃபோட்டோகொப்பி எடுத்து, வித்தியாசம் தெரியுதா எண்டும் பாருங்கோ.

எழுத்துக்கு யூனிகோட்தான். பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்ச ஃபைலை அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில திறந்தா குப்பையா வரும். சில டிசைன் சொஃப்ட்வெயரில கொம்பு எழுத்துக்குப் பின்னால போய் நிக்கும், "கொ" "கெ" எல்லாத்தையும் ஒருக்கா கண்ணால பாத்திட்டு அனுப்புங்கோ.

இதைத் தயவுசெய்து மறக்காதேங்கோ: சின்ன ஊரில வீட்டுக்கு வீடு புள்ளி வைக்காதேங்கோ. 40 குடும்பம் இருக்கிற இடத்தில காசநோய்க்கு ஒரு புள்ளி வைச்சா அது ஆற்ற வீடு எண்டு பின்னேரத்துக்குள்ள ஊருக்கே தெரியும், அந்த வீட்டுப் பிள்ளையோட மற்றப் பிள்ளையள் விளையாடாதுகள், அடுத்த முறை ஒருத்தரும் இருமலுக்குச் சோதிக்க வராயினம். நாலைஞ்சு ஜி.எஸ் (கிராம சேவகர்) பிரிவைச் சேத்து ஒரு எண்ணாக் குடுங்கோ.

எல்லாம் முடிஞ்சு பெருசா பிரிண்ட் எடுக்க முதல் ஒரு ஏ4 தாளோட கிளினிக் வாங்குக்குப் போங்கோ. "விளங்குதோ?" எண்டு கேக்காதேங்கோ, எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம். தாளைக் குடுத்து ஒரு நிமிசம் விட்டிட்டு, திருப்பி வாங்கி, "அம்மா, வீட்டை போய் இதைப் பற்றி என்ன சொல்லுவியள்?" எண்டு கேளுங்கோ. அவ சொல்லுறதும் கொப்பியில நீங்கள் எழுதின வசனமும் ஒண்டா இருந்தா பிரிண்டுக்குக் குடுங்கோ, இல்லையெண்டா அவ எந்த இடத்தில தடுமாறினாவோ அந்த இடத்தைத் திரும்பக் கீறுங்கோ.