கோட்டை மரியாள் ஆலயத்தைக் கூரையிலிருந்து தொடங்கிப் பார்ப்பது எப்படி?

பழைய தேவாலயத்தைக் காணச் செல்வோர் பெரும்பாலும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டே உள்ளே நுழைகின்றனர். சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் தூய மரியாள் ஆலயத்தில் இந்த வரிசையை மாற்றிக்கொள்வது நல்லது. 1678-இல் பணி தொடங்கி 1680 அக்டோபர் 28 அன்று அர்ப்பணிக்கப்பட்ட இக்கட்டடத்திற்குக் கூம்பு 1710-இல்தான் வந்து சேர்ந்தது. கோட்டை வாயிலில் சோதனை உண்டு என்பதால் அடையாள அட்டையை மறவாதீர்கள்.

உள்ளே சென்றதும் நடுக்கூடத்தில் பீடத்தை நோக்கி நின்று மேலே பாருங்கள். உத்திரமோ மரச்சட்டமோ தென்படாது. பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தது போன்ற அரைவட்டக் கூரை நடுக்கூடத்தின் மேல் ஒன்றும், இரு பக்கக்கூடங்களின் மேல் ஒவ்வொன்றுமாக மூன்று உள்ளன. பீரங்கிக் குண்டைத் தாங்க வேண்டுமென்றே ஏறத்தாழ 2 அடி கனத்தில் இவற்றைக் கட்டினார்கள்.

இவ்வளவு பாரம் எங்கே இறங்குகிறது என்பதை அடுத்துக் கவனிக்க வேண்டும். வளைவு தன் எடையைக் கீழே இறக்குவதோடு நிற்காமல், இரு கால்களையும் வெளிப்புறமாகவும் உதைக்கும். நடுக்கூரையின் உதைப்பைப் பக்கக்கூரைகள் எதிர்த்து உதைத்துப் பெருமளவு ஈடுகட்டிவிடுவதால், இடைச்சுவர்களில் அகன்ற வளைவுவழிகளைத் திறக்க முடிந்திருக்கிறது. பக்கக்கூரைகள் வெளியே தள்ளும் விசைக்கோ எதிர்த்து நிற்க வேறு கூரை இல்லை. ஆகவே அதை வெளிச்சுவரே தனியாகத் தாங்குகிறது. சன்னல் ஒன்றின் அருகே சென்று உட்குழிவில் கையை நீட்டிப் பாருங்கள். நம் கொத்தனார்கள் வீட்டுக்கு எழுப்பும் ஒன்பது அங்குலச் சுவர்கள் ஐந்தை ஒட்டி நிறுத்தினாலும் எட்டாத 4 அடி கனம் விளங்கும். என் பார்வையில், சுவரிலுள்ள பளிங்கு நினைவுச் சிற்பங்களைவிட இந்தக் குழிவுதான் இவ்வாலயத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது.

மேற்குக் கோபுரத்தை வெளியே வந்த பிறகு பார்த்தால் போதும். அதன்பின் பார்வையைத் தரைக்குத் தாழ்த்துங்கள். 1758 டிசம்பரில் தளபதி லாலியின் பிரெஞ்சுப் படை தொடங்கிய முற்றுகையின்போது, கோட்டைக்கு வெளியே இருந்த கல்லறைத் தோட்டத்தின் நினைவுச் சின்னங்கள் எதிரிக்கு மறைவிடமாயின. பின்னர் அவற்றை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களை இங்கே கொண்டுவந்து ஆலயத்தைச் சுற்றிப் பாவினார்கள். ஆலயத்தைவிட மூத்த, 1652-ஆம் ஆண்டுக் கல்லும் அவற்றில் உண்டு. தேய்ந்த எழுத்துகளை உச்சிவெயிலில் படிப்பது கடினம். காலையில் வெயில் சாய்வாக விழும்போது குழிவுகளில் நிழல் தங்கி, எழுத்து எடுப்பாகத் தெரியும்.