வேலூர்ப் பக்கத்துப் பண்ணைகளில் முட்டையும் கறியும் பார்த்து வாங்கும் முறை

முட்டையோ கறியோ கைக்கு வந்த பிறகு, அது எதைத் தின்று வளர்ந்தது என்பதை யாராலும் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை கடைவீதிகளில் ‘இயற்கை முறையில் வளர்த்தது’, ‘நாட்டு முட்டை’ என்றெல்லாம் எழுதிய பலகைகளை நம்பிப் பல ஆண்டுகள் வாங்கிய பிறகே இதை நான் உணர்ந்தேன். ஆகையால் வாங்கும் வேலையைக் கடையில் தொடங்காமல், அந்தக் கோழியும் ஆடும் வளரும் இடத்தில் தொடங்குங்கள். ஒரு முறை நேரில் போய்ப் பார்க்க அரை நாள் செலவாகும். ஆனால் நல்ல வளர்ப்பாளர் ஒருவர் கிடைத்துவிட்டால், பிறகு ஆண்டுக்கணக்கில் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆட்களைத் தேட நம் பகுதியில் வாரச் சந்தைகளே நல்ல இடம். திங்கட்கிழமை கே.வி.குப்பத்திலும் வெள்ளிக்கிழமை ஒடுகத்தூரிலும் ஆட்டுச் சந்தை கூடுகிறது. அங்கே போன முதல் நாளே ஆடு பிடித்துவிட வேண்டாம். சந்தைக்கு வரும் ஆடு இரண்டு மூன்று வியாபாரிகளின் கை மாறி வந்திருக்கலாம் என்பதால், அதன் தீவனத்தையும் மருந்தையும் பற்றிக் கேட்டால் விடை சொல்ல ஆள் இருக்காது. சொந்த ஆட்டை ஓட்டி வந்தவர் யார், எந்த ஊர் என்று விசாரித்து, அவருடைய பட்டியைப் பார்க்க ஒரு நாள் குறித்துக்கொள்ளுங்கள். விரிஞ்சிபுரத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் உங்கள் ஊர்க் கால்நடை மருந்தகத்திலும் கேட்டால், முறையாக வளர்ப்பவர்கள் யார் யார் என்று தெரிந்துகொள்ள வாய்ப்புண்டு.

பண்ணைக்குக் காலையில், கோழிகளைத் திறந்துவிடும் நேரத்தில் போங்கள். மேய்ச்சலுக்குப் போகும் கோழி கதவு திறந்ததும் பாய்ந்து ஓடிக் குப்பையைச் சீய்க்கும். அடைபட்டே பழகிய கோழி வாசலிலேயே தயங்கி நின்று தீவனத் தட்டைத் தேடும். அடுத்து அலகைப் பாருங்கள். நெருக்கமாக அடைத்து வளர்க்கும் இடங்களில் கோழிகள் ஒன்றையொன்று கொத்தாமலிருக்க மேலலகின் நுனியை வெட்டிவிடுவார்கள். அப்படி மழுங்கிய அலகு ஒன்று கண்ணில் பட்டாலும் அது எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும். எல்லாக் கோழிகளும் ஒரே வயது, ஒரே பருமன் என்று இருந்தால் அவை குஞ்சு பொரிப்பகத்திலிருந்து மொத்தமாக வாங்கப்பட்டவை. தாய்க்கோழி, விடலை, குஞ்சு என்று பல வயதும் பல நிறமும் கலந்திருப்பதே வீட்டில் அடைவைத்துப் பெருகிய கூட்டத்தின் அடையாளம்.

அணைக்கட்டுப் பக்கம் நான் முட்டை வாங்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். முதன்முறை போனபோது வைக்கோல் பரப்பிய பழைய கூடையைக் காட்டி, என்னையே முட்டைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஒன்றில் மட்டும் அடுப்புக் கரியால் கோடு போட்டிருந்தது. “கரி போட்டத எடுக்காதீங்க சார். அது இருந்தாத்தான் கோழி மறுபடி இங்கயே வந்து வைக்கும்” என்றார். எந்தக் கோழி எந்த மூலையில் முட்டை வைக்கும், எது அடைக்கு உட்காரப் போகிறது என்பதையெல்லாம் கேட்காமலே சொன்னார். இப்படிச் சொல்லத் தெரிந்தவரிடம் சான்றிதழ் இல்லாவிட்டாலும் நான் வாங்குவேன்.

வாங்குமுன் ஒரு சின்னக் கணக்கும் போட்டுப் பாருங்கள். நாட்டுக்கோழி ஓர் ஈட்டுக்கு ஏறக்குறைய 12 முதல் 15 முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்காரும். ஆண்டில் மூன்று, நான்கு ஈடுதான். அந்தக் கணக்கில் 20 கோழி வைத்திருப்பவருக்கு வாரம் 25 முட்டைக்கு மேல் தேறுவது கடினம். அவரே வாரந்தோறும் 100 முட்டை தர முன்வந்தால் மீதி வேறெங்கிருந்தோ வருகிறது என்று பொருள்.

தீவனத்தைப் பற்றிக் கேட்டால் எல்லோரும் அழகாகவே விடை சொல்வார்கள். நோயைப் பற்றிக் கேளுங்கள். உண்மை அங்கேதான் வெளிப்படும். “போன மழைக்காலத்தில் என்ன சீக்கு வந்தது, என்ன கொடுத்தீர்கள், கொடுத்து எத்தனை நாள் கழித்து விற்றீர்கள்?” என்ற கேள்விக்கு, சீக்கே வந்ததில்லை என்று சொல்பவரைவிட, இன்ன மருந்து கொடுத்தேன், மருத்துவர் சொன்ன நாட்கள் கழியும்வரை முட்டையை விற்கவில்லை என்று சொல்பவரே நம்பத் தகுந்தவர். நோயில்லாத கோழிக்கும் தீவனத்தில் நுண்ணுயிர்க்கொல்லி கலந்து கொடுக்கும் பழக்கம்தான் நாம் விலக்க வேண்டியது. அதனால் கிருமிகள் அந்த மருந்துக்கு அடங்காமல் பழகிவிடும். மனிதருக்குக் கடைசிப் புகலிடமாக வைத்திருக்கும் கொலிஸ்டின் என்ற மருந்தைக் கோழிப்பண்ணைகளில் பயன்படுத்துவதை மத்திய அரசு 2019ஆம் ஆண்டு தடை செய்ததும் இந்தக் காரணத்தால்தான். தடுப்பூசியை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கோழிகளுக்கு வரும் வெள்ளைக் கழிச்சலுக்கும் ஆடுகளுக்கு வரும் துள்ளுமாரி என்ற குடல் நோய்க்கும் தடுப்பூசி போடுவது இயற்கை வளர்ப்புக்கு எதிரானதன்று. போடாமல் விடுவதுதான் பொறுப்பின்மை. கால்நடைத் தடுப்பூசிகளைத் தயாரிக்கும் அரசு நிலையம் 1932ஆம் ஆண்டு முதல் நம் ராணிப்பேட்டையிலேயே இயங்கி வருகிறது.

நம் பகுதியில் தண்ணீரையும் விசாரித்தே ஆக வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையை எவ்வளவு கெடுத்தது என்பது 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போன செய்தி. எவ்வளவு அன்பாக வளர்த்தாலும், கழிவு ஊறிய கிணற்று நீரைக் குடித்து, அந்த நீர் பாய்ந்த வரப்பில் மேய்ந்த ஆட்டை இயற்கையானது என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர்களை நான் விரும்புவதற்கு இதுவே முதற்காரணம். அதே போல், ஆட்டுக்குப் போடும் மல்லாட்டை (நிலக்கடலை) கொடி எந்தக் கொல்லையில் விளைந்தது, அங்கே பூச்சிமருந்து அடித்தார்களா என்றும் கேளுங்கள்.

சான்றிதழ் இருந்தால் நல்லது. உறையில் அடைத்து ‘ஆர்கானிக்’ என்று விற்கும் பொருளில் ‘இந்தியா ஆர்கானிக்’ அல்லது ‘பி.ஜி.எஸ். இந்தியா’ (உழவர்கள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் பண்ணையை ஒருவர் பார்த்துச் சான்றளிக்கும் முறை) சின்னத்தோடு, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ‘ஜைவிக் பாரத்’ சின்னமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘பி.ஜி.எஸ். இந்தியா கிரீன்’ என்றிருந்தால் அந்தப் பண்ணை இன்னும் இயற்கை முறைக்கு மாறிக்கொண்டிருக்கும் நிலையில் உள்ளது.

முட்டையில் ஏமாறுவது எளிது. நெடுஞ்சாலை ஓரத்துக் கடை ஒன்றில் நாட்டு முட்டை என்று நான் வாங்கி வந்த 30 முட்டைகளை வீட்டில் ஈரத் துணியால் துடைத்தபோது, துணி தேநீர் நிறத்துக்கு மாறி, முட்டைகள் வெளுத்துப்போயின. இயல்பான பழுப்பு நிறம் வெறும் தண்ணீரில் துடைத்தால் போகாது. பழுப்பு ஓடு கோழியின் இனத்தைக் காட்டுமே தவிர வளர்ப்பைக் காட்டாது. மஞ்சள் கருவின் அடர்ந்த நிறமும் கீரை, மக்காச்சோளம் போன்ற தீவனத்தால் வருவது, நிறமி கலந்த தீவனத்தாலும் வரும். எனவே நிறத்தை விட்டுவிட்டுப் புதுமையைச் சோதியுங்கள். தண்ணீரில் போட்டால் புது முட்டை அடியில் படுத்துக் கிடக்கும். நாளாக நாளாக ஓட்டின் நுண்துளைகள் வழியே ஈரம் வெளியேறி உள்ளே காற்றறை பெரிதாவதால், பழைய முட்டை நிமிர்ந்து நிற்கும், மிதந்தால் எறிந்துவிடலாம். கத்திரி வெயிலில் கோழிகள் குறைவாகவே முட்டை வைக்கும், ஓடும் மெலிந்திருக்கும். அந்த நாட்களில் வளர்ப்பவரைக் குறை சொல்லாமல் கிடைத்ததை வாங்கிக்கொள்வதே முறை.

ஆட்டுக்கறிக்கு, நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஓர் ஆட்டை முழுதாக வாங்கிக் கூறு போட்டுக்கொள்வதை விடச் சிறந்த வழி எனக்குத் தெரியவில்லை. வளர்த்தவருக்கு முழு ஆடும் ஒரே நேரத்தில் விலை போகிறது. வாங்குபவருக்குக் கால், நெஞ்சு, ஈரல், குடல் எல்லாவற்றிலும் பங்கு கிடைக்கிறது. வயதை அறியக் கீழ்த்தாடையின் முன்பற்களைப் பாருங்கள். எல்லாம் பால்பல்லாக இருந்தால் ஏறக்குறைய ஓராண்டுக்கு உட்பட்ட குட்டி. நடுவில் இரண்டு பெரிய பற்கள் முளைத்திருந்தால் ஓராண்டைத் தாண்டியது. குழம்புக்கு இவ்விரண்டில் எதுவும் நன்றாயிருக்கும். 20 கிலோ உயிர் எடையுள்ள ஆட்டில் எலும்போடு ஏறக்குறைய 9 முதல் 10 கிலோ கறி தேறும் என்று கணக்கு வைத்து விலை பேசுங்கள். மூக்கில் சளி வழிகிற, கழிச்சலால் பின்புறம் நனைந்த, கூட்டத்தை விட்டு ஒதுங்கி நிற்கிற ஆட்டை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம். அறுத்த பின் ஈரலை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். வெண்புள்ளியோ கட்டியோ இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் சமைக்கக் கூடாது.

நம் ஊர் வெயிலுக்குக் கறியைக் காலை எட்டு மணிக்குள் வாங்கி, பனிக்கட்டி போட்ட பெட்டியில் வைத்து வீடு சேர்க்க வேண்டும். அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். அந்த நிலையில் சமைத்தால் நல்ல குட்டியின் கறியும் ரப்பர் போல இழுக்கும் என்பதால், உடனே சமைக்காவிட்டால் குளிர்பெட்டியில் ஒரு நாள் மூடி வைத்து அடுத்த நாள் சமையுங்கள். முட்டைகளைக் கழுவி வைக்க வேண்டாம். ஓட்டின் மேல் கோழியே பூசிவிட்ட மெல்லிய படலம் கழுவினால் போய்விடும். அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்து, கூர்முனை கீழே இருக்கும்படி அடுக்கி வைத்து, உடைக்கும் முன்பு மட்டும் கழுவிக்கொள்ளுங்கள்.