வெளிநாட்டில் சிறுநீரக மாற்று: ஊர் திரும்பிய பின் தெரியவரும் தவறுகள்

வாரத்துக்கு மூன்று முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரிடம், "பதினைந்தே நாளில் புதுச் சிறுநீரகத்தோடு ஊர் திரும்பிவிடலாம்" என்று தரகர் சொன்னால், அவர் மனம் அசைவதைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் உறவினர் ஒருவரும் அப்படித்தான் போனார். மதுரை விமான நிலையத்தில் அவரை அழைத்துவரச் சென்றபோது, அவரிடம் இருந்த மருத்துவ ஆவணம் ஒரே ஒரு தாள். அதில் அறுவை நடந்த தேதியும் மாத்திரைகளின் பெயர்களும் இருந்தன. கொடையாளருக்குச் செய்த பரிசோதனைகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அந்த வரி இல்லாமல் திரும்புவதே பெரிய தவறு. ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி., காசநோய் ஆகியவற்றின் கிருமிகள் உறுப்போடு சேர்ந்தே வந்துவிடக்கூடும். பணத்துக்காக உறுப்பை விற்பவர் தம் நோயை மறைக்கவும் வாய்ப்புண்டு. புதிய உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் நோய் எதிர்ப்பாற்றலை அடக்கிவைப்பதால், மற்றவர்களுக்குச் சாதாரணமாக வந்துபோகும் தொற்றும் இவர்களுக்கு உயிராபத்தாகிவிடும். அறுவை நடந்த இடத்தில் தொற்றிய, வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கட்டுப்படாத கிருமியோடு திரும்புவோரும் உண்டு.

இரண்டாவது தவறு, காய்ச்சல் வந்தால் மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சமாளிப்பது. டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் டாக்ரோலிமஸின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசினோ அதை இறக்கி, உறுப்பு நிராகரிப்புக்கு வழிவகுக்கும். அந்த அளவைப் பார்க்கக் காலை மாத்திரைக்கு முன்பே இரத்தம் கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. மாத்திரையை விழுங்கிவிட்டு லேபுக்குப் போகிறார்கள்.

மூன்றாவது, சட்டத்துக்கு அஞ்சி உண்மையை மறைப்பது. 1994ஆம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டப்படி இந்தியாவில் உறுப்பை விற்பதும் வாங்குவதும் குற்றம். ஆனால் எங்கே, எப்போது அறுவை நடந்தது என்பதைச் சிறுநீரக மருத்துவரிடம் மறைத்தால், அவர் இருட்டில் தடவித்தான் சிகிச்சை தர வேண்டியிருக்கும். எங்கள் உறவினர் காய்ச்சலை நான்கு நாள் பாராசிட்டமாலிலேயே ஓட்டினார். ஐந்தாம் நாள் மருத்துவமனையில் சேர்த்த பிறகு தரகரை அழைத்தோம். அந்த எண் அணைத்துவைக்கப்பட்டிருந்தது.

புறப்படுமுன் உள்ளூர் வழிகளை முழுமையாகப் பார்க்காததும் தவறே. பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலேயே சிறுநீரக மாற்று நடக்கிறது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலும் அதற்கு இடமுண்டு. பெற்றோரோ உடன்பிறந்தோரோ வாழ்க்கைத்துணையோ தர முன்வந்தால் அதைத்தான் முதலில் ஆராய வேண்டும். இல்லையேல், மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புக்கான மாநிலக் காத்திருப்புப் பட்டியலில் மருத்துவமனை வழியாக அன்றே பதிவு செய்துகொள்ள வேண்டும்.