சிஓபிடி உள்ளவர்களுக்கு வீட்டிலேயே கால் பயிற்சி: ஒரு நாற்காலி போதும்

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வந்தவர்கள், மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார உட்காரத் தொடைத் தசை மெலியும். மெலிந்த தசையில் லாக்டிக் அமிலம் சீக்கிரம் சேரும். அதை ஈடுகட்ட இன்னும் வேகமாக மூச்சுவிட வேண்டிவரும். மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம் பால்மரம் (ரப்பர்) வெட்டி மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கிய எங்கள் அப்பா, கடைத்தெருவரை நடக்கவே தயங்கியதற்கு இதுவும் காரணம். பயிற்சியால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. ஆனால் கால்கள் பலப்படும். அதே தூரத்தை நடக்கக் குறைந்த மூச்சே போதும்.

மருத்துவரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பயிற்சிக்கு முன் இன்ஹேலர் எடுக்கச் சொல்லியிருந்தால் 15 நிமிடம் முன்பே எடுத்துவிடுங்கள்.

படி 1: கைப்பிடி இல்லாத, கனமான மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். ஏறத்தாழ 46 செ.மீ. உயரம் சரி. கல்யாண வீட்டுப் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், வழுக்கும்.

படி 2: எழுந்து உட்காருவது. அப்பா தடுமாறியது இங்கேதான். எழும்போது மூச்சை அடக்கிக்கொண்டு, நின்றதும் திணறுவார். இந்த நோயில் காற்று முழுதாக வெளியேறாமல் உள்ளே தேங்குகிறது. அவசரமாக மூச்சுவிட்டால் தேக்கம் இன்னும் கூடும். ஆகவே உட்கார்ந்தபடி இரண்டு எண்ணும்வரை மூக்கால் இழுங்கள். பிறகு உதட்டைக் குவித்து, சுடச்சுட இருக்கும் தேநீரை ஊதுவதுபோல நான்கு எண்ணும்வரை ஊதிக்கொண்டே எழுங்கள். நின்று இழுத்து, ஊதிக்கொண்டே உட்காருங்கள். அப்பாவுக்கு எண்ணிக்கை பிடிபடவில்லை. "எழுறப்ப ஊதுங்கப்பா, அது போதும்" என்றேன், பிடித்துக்கொண்டார்.

எத்தனை தடவை? தசை நெடுநேரம் தாங்குவதுதான் நோக்கம் என்பதால் எடை எதுவும் தூக்காமல் மெதுவாகப் பல தடவை. திணறலுக்கு 0 (திணறலே இல்லை) முதல் 10 (தாங்கவே முடியாது) வரை எவ்வளவு என்று பயிற்சி செய்பவரிடமே கேளுங்கள். 3, 4 என்றால் தொடரலாம். அதற்கு மேல் போனால் ஓய்வு. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கு அவ்வளவுதான்.

படி 3: நடை. களைப்பதற்கு முன்பே நின்று, மூச்சு அடங்கியதும் மறுபடி நடக்கட்டும். வாரம் மூன்று நாளாவது, குறைந்தது 6 முதல் 8 வாரம்.

அடி எண்ணும் கைக்கடிகாரம் வீண் செலவு என்பேன். ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும், விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் வாங்குங்கள். மருத்துவர் வேறு எல்லை சொல்லாதவரை, 88 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் நிறுத்துங்கள். நகச்சாயம் இருந்தால் அளவு பிசகும்.

பின்சேர்க்கை: துணி காயப்போடும்போது மட்டும் அம்மாவுக்கு ஏன் இவ்வளவு திணறல் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கையைத் தலைக்கு மேல் தூக்கினால், மூச்சுக்கு உதவும் தோள், கழுத்துத் தசைகள் கையைத் தாங்கப் போய்விடுகின்றன. கொடியை மார்பளவுக்கு இறக்கிக் கட்டுங்கள். கையைத் தூக்கும்போதும் ஊதச் சொல்லுங்கள்.

புகைமூட்டம் பற்றியும் கேட்கிறார்கள். ஐபியு எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளியே நடக்க வேண்டாம். ஜன்னலைச் சாத்திவிட்டு நாற்காலிப் பயிற்சி மட்டும்.