எருக்கஞ்செடியில் நடக்கும் நஞ்சுத் திருட்டு: பார்ப்பது எப்படி?

பூச்சிக்குப் பயந்து செடி தன் உடம்பில் நஞ்சை வைத்திருக்கிறது. அந்தச் செடியையே தின்று, நஞ்சைத் தன் உடம்பில் சேர்த்து, தன்னைத் தின்ன வரும் பறவைக்கு எதிராகத் திருப்பிவிடும் பூச்சிகளும் உண்டு. இதைப் பார்க்க ஓர் எருக்கஞ்செடியும் ஒரு லென்ஸும் போதும்.

படி 1: இலையைக் கிள்ளுங்கள்

கையுறை போட்டுக்கொண்டு கிள்ளுங்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகும், விளையாட்டில்லை. பாலில் இருக்கும் கார்டினோலைடு என்ற நஞ்சு, செல்களில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்பை அடைக்கும். நஞ்சு உடம்பில் ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறுவது அதனால்தான்.

படி 2: பளிச்சென்று இருப்பதைத் தேடுங்கள்

நஞ்சுள்ள பூச்சிக்கு ஒளிய வேண்டிய அவசியமில்லை. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் முதுகில் மூன்று ஜோடிக் கறுப்பு இழைகளும் கொண்ட புழு தெரிந்தால், அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு. பால் செடிகளில் வாழும் இத்தகைய புழுக்கள் தின்னும் விதத்தைப் பொறுமையாகப் பாருங்கள். சில புழுக்கள் முதலில் நரம்பைக் கடித்துவிடும். பால் அங்கேயே வடிந்துவிட, அதைத் தாண்டிய பகுதியை நிதானமாக மெல்லும். குழாயை மூடிவிட்டு வேலை பார்க்கும் பிளம்பர் மாதிரி!

மஞ்சளும் நீலப்பச்சையுமாகக் கோடு போட்ட எருக்கு வெட்டுக்கிளி கிடைத்தால் முகத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அதன் குஞ்சை லேசாகப் பிடித்தாலே திரவத்தைப் பீய்ச்சும்.

சரி, இவை ஏன் சாகவில்லை? வெந்தய வரியனின் உறவான மோனார்க்கில் விடை கிடைத்தது. அதன் பம்பைக் கட்டும் அமினோ அமிலங்களில், 122ஆவது இடத்தில் இருப்பது உட்பட, சில மாறியிருக்கின்றன. நஞ்சுக்கு அங்கே சரியான பிடி கிடைப்பதில்லை.

படி 3: நஞ்சு செடியுடையதா, பூச்சியுடையதா?

புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். நாவாய்ப்பூச்சியின் நாற்றம் அது தானே தயாரிப்பது, செடியிடம் வாங்கியதல்ல. சோதிக்க ஒரு நல்ல வழி, உணவை மாற்றிப் பார்ப்பது. உயிரியலாளர் லிங்கன் பிரவர் குழுவினர் அதைத்தான் செய்து 1967-ல் வெளியிட்டார்கள். நஞ்சுள்ள பால் செடியில் வளர்ந்த மோனார்க்கைத் தின்ற நீல ஜே பறவை வாந்தி எடுத்தது. முட்டைக்கோஸில் வளர்த்ததைத் தின்றதற்கு ஒன்றும் ஆகவில்லை.

படி 4: மற்ற செடிகளுக்கும் போங்கள்

முட்டைக்கோஸ் அசுவினி செடியிலிருந்து ஒரு பொருளைச் சேர்த்துக்கொள்கிறது. அதை உடைக்கும் நொதியைத் தானே தனியாக வைத்திருக்கிறது. நசுங்கினால் இரண்டும் கலந்து கடுகு நெடி கிளம்பும். பைன் மரத்து ரம்பப்பூச்சிப் புழு பிசினைச் செரிக்காமல் முன்குடல் பைகளில் வைத்திருந்து, எதிரி வந்தால் கக்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது கிலுகிலுப்பைச் செடிதான். வாடிய செடியில் ஆண் வரியன்கள் மொய்த்து ஆல்கலாய்டு என்ற நஞ்சை உறிஞ்சுவதைப் பார்க்கலாம். அது தற்காப்புக்கு மட்டுமல்ல, பெண்ணைக் கவரும் மணத்துக்கும் மூலப்பொருள்.

படி 5: ஒரு புழுவை வளர்த்துப் பாருங்கள்

காற்றோட்டமுள்ள டப்பா, தினமும் புது எருக்கிலை, அவ்வளவுதான். நான் முதலில் வளர்த்த புழு ஒழுங்காகத்தான் கூட்டுப்புழு ஆனது. பட்டாம்பூச்சிக்காகக் காத்திருந்தேன், டப்பாவுக்குள் சுற்றியதோ ஈக்கள். நான் எடுத்துவரும் முன்பே ஓர் ஒட்டுண்ணி ஈ அந்தப் புழுவுக்குள் குடும்பம் நடத்தத் தொடங்கியிருந்தது. அத்தனை எருக்கம்பாலும் அதைத் தடுக்கவில்லை.