‘இளைச்சுட்டியே!’: பட்டினி டயட்டில் இருப்பவரிடம் பேசும்போது நாம் செய்யும் தவறுகள்

‘என்ன, இப்படி இளைச்சுட்டே?’ என்று யாராவது கேட்டால் ஒரு காலத்தில் அதில் கவலைதான் இருக்கும். காய்ச்சலா, வேலை அதிகமா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று அடுத்த கேள்வி வரும். இப்போது அதே சொல்லைக் கொஞ்சம் குரல் உயர்த்திச் சொன்னால் பாராட்டு. ‘ஏய், இளைச்சுட்டியே! என்ன பண்றே, எனக்கும் சொல்லு!’ சொல்பவர் அடுத்த நிமிடம் மறந்துவிடுவார். ஒரு கிண்ணம் வெள்ளரியையும் ஒரு டம்ளர் மோரையும் வைத்து ஒரு மாதமாக நாளை ஓட்டிக்கொண்டிருப்பவருக்கோ, சோறு தராத தெம்பை அந்த ஒரு வரி தந்துவிடும்.

முதல் தவறு இந்தப் பாராட்டுதான். இரண்டாவது தவறைச் செய்தது நான்.

காலையில் சேர்ந்து நடக்கும் பெண்கள் சிலருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் ஒரு தோழி, வீட்டுக் கல்யாணத்துக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கிறது என்று சொல்லி, தினமும் என்ன சாப்பிட்டார் என்று போட ஆரம்பித்தார். போகப் போகப் பட்டியல் சுருங்கியது. எல்லோரும் கைதட்டல் பொம்மை போட்டார்கள். நான் மட்டும் ஒருநாள் பொறுக்க முடியாமல், இது எவ்வளவு ஆபத்து என்று மூன்று பத்திக்கு ஒரு பாடமே எழுதினேன், அதே குழுவில், எல்லோர் முன்னிலையிலும். அவர் ஒரு கட்டைவிரலைப் போட்டார். மறுநாளிலிருந்து சாப்பாட்டுப் பட்டியல் வரவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். பட்டினி நிற்கவில்லை, எங்கள் கண்ணில் படுவதுதான் நின்றது என்று புரிய இரண்டு மாதம் ஆனது.

அவங்க உடம்பு, அவங்க இஷ்டம்

‘அப்படியானால் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே’ என்று கேட்கலாம். பலரும் அப்படித்தான் இருக்கிறோம். வளர்ந்த மனுஷி, அவர் உடம்பு, நமக்கென்ன என்கிற வாதம் கேட்க நாகரிகமாக இருக்கிறது. அதில் ஒரு ஓட்டை உண்டு. பட்டினி உடம்பை மட்டும் இளைக்க வைப்பதில்லை, யோசிக்கும் விதத்தையே மாற்றிவிடுகிறது.

இது அனுமானம் இல்லை. 1944 முடியும் தறுவாயில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரால் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களுக்கு எப்படி மறுபடி உணவு கொடுப்பது என்று தெரிந்துகொள்வதுதான் நோக்கம். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் முன்வந்தார்கள். உடலும் மனமும் நன்றாக இருக்கிறதா என்று சோதித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். 24 வாரம், அவர்களுக்குத் தேவையானதில் ஏறக்குறைய பாதி, அதாவது நாளுக்குச் சராசரியாக 1,570 கலோரி கொடுத்தார்கள். எடையில் கால் பங்கு போனது. எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது மற்ற மாற்றங்கள். சமையல் புத்தகங்களைச் சேகரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டார்கள், தட்டை நக்கினார்கள். எப்போதும் குளிர்ந்தது. சிரிப்பு போனது, நண்பர்கள் வேண்டாமலானார்கள், சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வந்தது. சோதனை முடிந்து சாப்பாடு கிடைத்த பிறகும் சிலர் மாதக்கணக்கில் வயிறு நிறைந்தது தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். இத்தனைக்கும் யாரும் இளைக்க ஆசைப்பட்டு வந்தவர்கள் இல்லை.

அதனால், சமையல் வீடியோவாகப் பார்த்துத் தள்ளிவிட்டு எதையும் தொடாதவரை, எல்லோருக்கும் கேக் செய்து கொடுத்துத் தான் மட்டும் ஒதுங்குகிறவரைப் பார்த்தால், ‘என்ன கட்டுப்பாடு!’ என்று வியக்க வேண்டாம். அது பசி பேசுகிற பேச்சு. முதல் வாரத்தில் அவர் இஷ்டமாக இருந்தது, பத்தாவது வாரத்தில் அவர் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பேசத்தான் வேண்டும். எப்படி என்பதில்தான் சறுக்குகிறோம்.

எண்ணை எடுத்தால் போட்டி ஆரம்பம்

என் மூன்று பத்திப் பாடத்தில் கலோரிக் கணக்கு நிறைய இருந்தது. ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்னபடி, உட்கார்ந்த வேலை செய்யும் 55 கிலோ பெண்ணுக்கு ஒரு நாளுக்கு 1,660 கலோரி தேவை என்றெல்லாம் எழுதினேன். கணக்கில் தப்பில்லை. ஆனால் பட்டினியில் ஊறியவர் காதில் எந்த எண்ணும் எச்சரிக்கையாக விழாது. நீங்கள் சொல்லும் எண்ணிலிருந்து தான் எவ்வளவு கீழே இருக்கிறோம் என்றுதான் கழித்துப் பார்ப்பார். ‘நான் இவ்வளவு சாப்பிட்டே ஆறு கிலோ குறைச்சேன்’ என்று நம் அனுபவத்தைச் சொல்வது அதைவிட மோசம். குழுவில் இன்னும் நான்கு பேர் சத்தமில்லாமல் அந்த எண்ணைக் குறித்துக்கொள்வார்கள்.

எண்ணை எடுத்தால் பதிலுக்கு இன்னொன்றும் வரும்: ‘டாக்டருங்களே 800 கலோரி டயட் குடுக்கறாங்க, தெரியுமா?’ தெரியும். பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2017-ல் வெளியானது. சர்க்கரை நோயாளிகளுக்கு 3 முதல் 5 மாதம் 800-க்குச் சற்று மேல் கலோரி கொடுத்தார்கள், ஓராண்டில் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களுக்கு மாத்திரை இல்லாமலே நோய் அடங்கியது. கேட்கப் பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அவர்கள் குடித்தது வைட்டமினும் தாதுவும் அளந்து சேர்த்த கலவை, வெள்ளரி இல்லை. சர்க்கரை மாத்திரையையும் பிபி மாத்திரையையும் முதல் நாளே நிறுத்தினார்கள். பழைய சாப்பாட்டுக்குத் திரும்புவதையும் வாரக்கணக்கில் படிப்படியாகச் செய்தார்கள். எல்லாம் மருத்துவக் குழுவின் கண்காணிப்பில்.

மாத்திரை விஷயத்தை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் வீடுகளில் நாற்பதைத் தாண்டி டயட் ஆரம்பிப்பவர்களில் பலர் ஏற்கெனவே சுகர் மாத்திரை போடுபவர்கள். கிளிமெபிரைடு அல்லது இன்சுலின் எடுத்துக்கொண்டே சாப்பாட்டை வெட்டினால் சர்க்கரை தடாலென இறங்கி மயக்கம் வரும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையோடு பட்டினி கிடந்தால், சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து இருக்கிறது. வீட்டு மீட்டரில் எண் நன்றாகத் தெரியும், உள்ளே நிலைமை வேறு. கலோரி பற்றி வாதாடுவதைவிட, ‘இந்த டயட் ஆரம்பிச்சது உங்க டாக்டருக்குத் தெரியுமா? மாத்திரை டோஸ் மாத்தினாரா?’ என்று கேட்பது பல மடங்கு மேல். 

குண்டாத்தானே இருக்காங்க

பட்டினியால் ஆபத்து என்றால் எலும்பும் தோலுமான உருவம்தான் நம் மனதில் வருகிறது. பருமனானவர் சாப்பாட்டை விட்டால் நல்லதுதானே என்று விட்டுவிடுகிறோம். எடை அதிகமாக இருந்து வேகமாகக் குறைந்தவருக்கும் நாடித்துடிப்பு இறங்கலாம், மாதவிலக்கு நிற்கலாம், பித்தப்பையில் கல் சேரலாம். 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் திரவப் புரத டயட் ஒன்று பெரிய அலையாக வந்தது. தோல், தசைநார் போன்ற கழிவுகளிலிருந்து எடுத்த புரதத்தை மட்டும் குடித்துப் பட்டினி இருப்பது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பதிவானது. பலர் இதயத் துடிப்பு தாறுமாறாகி இறந்தவர்கள், பருமனாக இருந்து இளைக்க வந்தவர்கள்.

‘ரத்த டெஸ்ட் எல்லாம் நார்மல்’ என்பதையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. கடுமையான பட்டினியில் இருப்பவருக்கும் ரிப்போர்ட் வெகுநாள் நார்மலாகவே வரலாம். உடம்பு தன் கையிருப்பைச் செலவழித்துக் கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டிருக்கும்.

விரதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லா விரதத்தையும் சந்தேகப்பட்டால் வீட்டுப் பெரியவர்கள் உங்களை உள்ளே விடமாட்டார்கள், விடவும் கூடாது. விரதத்துக்கு முடிகிற நாள் உண்டு. ஏகாதசி இருந்தவர் மறுநாள் பாரணையை எதிர்பார்த்துக் காத்திருப்பார். அதே ஆள் பாரணைக்கும் ஏதோ காரணம் சொல்லி நழுவினால், சஷ்டி முடிந்து கிருத்திகை, கிருத்திகை முடிந்து பிரதோஷம் என்று விரதம் மட்டும் தொடர்ந்தால், அது சாமிக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

சொன்னது தப்பாகப் போனால்?

என் தோழி விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாதம் கழித்து அவரே தனியாகக் கூப்பிட்டார், முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, நல்ல ஷாம்பூ எது என்று கேட்க. பட்டினியால் முடி உடனே கொட்டாது, இரண்டு மூன்று மாதம் தள்ளித்தான் கொட்டும். அதனால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. நான் ஷாம்பூ பெயரும் சொல்லவில்லை, சாப்பாட்டையும் எடுக்கவில்லை. ‘குளிருதா? படியேறினா தலை சுத்துதா? பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?’ என்று கேட்டேன். மூன்றாவது கேள்விக்குக் கொஞ்ச நேரம் பதிலே இல்லை. அப்புறம்தான் நிஜமான பேச்சு ஆரம்பித்தது.

அதிலிருந்து நான் பிடித்துக்கொண்டது: தனியாகப் பேசு, பார்த்ததைச் சொல், பார்க்காததை ஊகித்துப் பெயர் வைக்காதே. ‘உனக்கு ஈட்டிங் டிஸார்டர்’ (உணவுக் கோளாறு என்ற மனநலப் பிரச்சினை) என்று ஆரம்பித்தால் கதவு சாத்திவிடும். ‘போன வாரம் கோயில்ல தூணைப் பிடிச்சுக்கிட்டு நின்னியே, எனக்குப் பக்குனு ஆயிடுச்சு’ என்றால் மறுக்க ஒன்றுமில்லை. ‘சாப்ட்டியா?’ என்ற கேள்வியால் ஒரு பயனும் இல்லை. தமிழில் அதற்கு ‘ஆச்சு’ என்ற ஒரே பதில்தான் உண்டு. எல்லோரும் குண்டாகிவிடுவோமோ என்று பயந்துதான் சாப்பிடாமல் இருக்கிறார்கள் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. வயிறு உப்பிசம், பசியே இல்லை, எதுவும் ஒத்துக்கவில்லை என்று மட்டுமே சொல்பவர்கள் நம் பக்கம் நிறைய.

இன்னொரு பெரிய தவறு அன்பினால் செய்வது. பேசிச் சம்மதிக்க வைத்த உற்சாகத்தில் அன்று மதியமே பிரியாணி வாங்கிக் கொடுத்துவிடுவோம். ஐந்து நாளுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாதவருக்கும், மிக வேகமாக நிறைய இளைத்தவருக்கும் இது ஆபத்தாக முடியலாம். திடீரென மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் செல்களுக்குள் ஓடிவிடும். இதயம் தடுமாறும். இரண்டாம் உலகப் போரில் விடுதலையான கைதிகள் சிலர் சாப்பாடு கிடைத்த பிறகு இறந்தபோது இதைக் கவனித்தார்கள். இப்படிப்பட்டவரை முதலில் மருத்துவரிடம் காட்டி, இந்தத் தாதுக்களையும் இசிஜியையும் பார்க்கச் சொல்லி, அவர் சொல்லும் அளவில் உணவைத் தொடங்க வேண்டும். மயங்கி விழுந்தால், நெஞ்சு படபடத்தால், பேச்சு குழறினால், உயிரை விட்டுவிடுவதாகப் பேசினால் நாள் பார்க்காமல் 108.

பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளை என்றால் கணக்கே வேறு. ‘யாருகிட்டயும் சொல்லாதீங்க ஆன்ட்டி’ என்று கேட்டால் அந்த வாக்கைக் கொடுக்கக் கூடாது. பெற்றோருக்குத் தெரிந்தாக வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கான சிகிச்சையில், மருத்துவக் குழுவின் துணையோடு என்ன சாப்பிடுவது என்ற பொறுப்பைப் பெற்றோர் சில காலம் கையில் எடுத்துக்கொள்ளும் முறைக்குத்தான் நல்ல ஆதாரம் இருக்கிறது. தட்டை வைத்து மிரட்டுவது அதில் சேராது.

குழுவை நடத்துபவர்கள் ஒன்று செய்யலாம். எங்கள் குழுவில் இப்போது எடை, கலோரி எண்களும் சாப்பாட்டுத் தட்டுப் படங்களும் போடுவதில்லை, எத்தனை சுற்று நடந்தோம் என்பது மட்டும்தான். முதலில் இரண்டு பேர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். அதில் ஒருவருக்கு நான் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன், பதில் வரவில்லை. பத்து நாள் கழித்து டயட்டைப் பற்றி எதுவும் எழுதாமல், நடைக்கு வருகிறீர்களா என்று கேட்டேன். முதல் முறை பேசும்போது கோபமோ மௌனமோதான் வரும், அதை முடிவாக எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவதும் ஒரு தவறுதான். அவர் நம்மிடம் பேசாவிட்டாலும் முகம் தெரியாத ஒருவரிடம் பேசக்கூடும். 14416 என்ற டெலி மானஸ் எண், அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று தெரியாத நாமும் அதில் கூப்பிட்டுக் கேட்கலாம்.